கோக்கோ சருகும் ஆறுமணிக் குருவியும்: இதுவரை

ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோக்கோ நிற்கிறது. போன பருவத்தில் விடியக்காலையும் பொழுது சாயும்போதும் பக்கத்து இட்டேரியிலிருந்து (இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் தடம்) ஆறுமணிக் குருவியின் சீழ்க்கை கேட்டதே தவிர, தோப்புக்குள் அது கால் வைக்கவில்லை. கூட்டி அள்ளிய தரையில் அதற்கு என்ன இரை கிடைக்கும்? அதனால் இந்தத் தடவை கிளுவை வேலியை ஒட்டிய வரிசைகளில் சருகை அள்ளவும் வேண்டாம், மருந்து அடிக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, இப்படி உட்டா பூச்சிபொட்டு அண்டாதுங்களா?" என்று வேலைக்கு வரும் அக்கா கேட்டார். பூச்சி அண்டத்தானே விடுகிறோம் அக்கா என்றேன். ஆனாலும் பாம்பு பயம் நியாயமானதுதான், ஆள் நடக்கும் தடத்தை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டோம்.

ஆறுமணிக் குருவி சேர்ந்த பிட்டா என்னும் பறவைக் குடும்பமே தரையில் இரை தேடிப் பிழைப்பது. 40க்கு மேற்பட்ட இனங்கள், பெரும்பாலானவை தென்கிழக்காசியக் காடுகளில், ஆப்பிரிக்காவில் 2. நம் பக்கம் வழக்கமாக வருவது ஒன்றே ஒன்று. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து பறந்து புரட்டாசி, ஐப்பசி வாக்கில் இங்கே வந்து சேரும்.

ஐப்பசி மழைக்கு அப்புறம் சருகைக் கிளறினால் அடியில் மண்புழுவும் கரையானும் நிறைய. கார்த்திகையில் குருவி உள்ளே வந்துவிட்டது! தத்தி வந்து நிற்கிறது, தலையைச் சாய்க்கிறது, அலகால் ஒரு இலையைப் புரட்டி எறிகிறது, புழுவை இழுத்ததும் குட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் ஆட்டுகிறது. வயிற்றடிச் சிவப்பு அப்போதுதான் நன்றாகத் தெரியும். முதுகுப் பச்சையும் இறக்கை நீலமும் அந்த நிழலில் கரைந்துபோகின்றன, நகர்ந்தால்தான் கண்ணில் படும்.

ஒன்று கவனித்தேன். தென்னமட்டை போட்ட இடத்தை அது சீண்டுவதே இல்லை, கோக்கோ இலை உதிரியாகக் கிடக்கும் இடத்தில்தான் மேய்கிறது. அதனால் மட்டைகளை வேறு பக்கம் மாற்றிவிட்டேன். நிழலில் ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வைத்ததற்குத் தவிட்டுக்குருவிகள் வருகின்றன, இது இன்னும் வரவில்லை. போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடச் சொல்கிறார்கள், நான் செய்ய மாட்டேன். இரை தேடும் நேரத்தில் இன்னொரு குருவி வந்துவிட்டதென்று அதை அலைக்கழிப்பது பாவம்.

இப்போதைய கவலை வேலிதான். பக்கத்துக் காட்டு அண்ணன் கிளுவையை எடுத்துவிட்டுக் கம்பிவேலி போடப் போகிறாராம். குருவி ஒதுங்குவதே அந்த வேலிப் புதரில். சித்திரையில் அது வடக்கே கிளம்பும்வரையாவது பொறுங்கள் என்று கேட்டிருக்கிறேன், அதற்குள் எங்கள் பக்கம் கிளுவைப் போத்து (வெட்டி நடும் கிளை) நட்டுவிட வேண்டும்.