நியான்கொமாகோ: எல்லோருக்கும் வைத்துவிட முடியாத பெயர்

கானாவின் அக்கான் மக்களிடையே கோஃபி, அமா போன்ற பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. பிறந்த கிழமைதான் அவற்றைத் தருகிறது: வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை பிறந்த பெண் அமா. நியான்கொமாகோ அப்படியல்ல. அதற்கு வீட்டில் ஏற்கெனவே இரட்டையர் பிறந்திருக்க வேண்டும்.

வரிசை இதுதான். இரட்டையர் இருவருக்கும் அட்டா என்ற பெயர் சேரும். மூத்தவருக்குப் பான்யின், இளையவருக்குக் கக்ரா என்று அடையாளம். 1938 ஏப்ரல் 8, வெள்ளியன்று குமாசியில் பிறந்த ஐ.நா. முன்னாள் பொதுச்செயலர் கோஃபி அட்டா அன்னானின் பெயரிலேயே கிழமையும் இரட்டைப் பிறப்பும் இருக்கின்றன. இரட்டையருக்கு அடுத்த குழந்தை தாவியா. தாவியாவுக்கும் அடுத்ததுதான் நியான்கொமாகோ.

ஆக, குறைந்தது நான்கு குழந்தைகள் வேண்டும். கானாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1988இல் 6.4 ஆக இருந்த பிள்ளைப்பேறு 2022இல் 3.9 ஆகிவிட்டது. பெயர் அருகுவதற்கு ஃபேஷனைவிட இதுவே பெரிய காரணம் என்பேன்.

இதை வெறும் ‘நான்காவது குழந்தை’ என்று சுருக்கிவிடலாம் என்று தோன்றும். அது தவறு. நான்காவதாகப் பிறந்தவருக்கு அனானே என்று தனிப்பெயரே உண்டு. இரட்டையருக்கு முன்பே இரண்டு பிள்ளைகள் இருந்தால், நியான்கொமாகோ அந்த வீட்டின் ஆறாவது குழந்தை. எண்ணிக்கையை இரட்டையரிலிருந்து தொடங்க வேண்டும். கிழமைப் பெயரும் கூடவே வரும். ஒன்று மற்றொன்றை நீக்காது.