பகுதியைத் திருத்தினேன், தொகுதியைப் பார்க்கவில்லை

"சார், இதில் டெலிவரி எவ்வளவு?" என்று அந்த இளைய சகா கேட்டபோது, நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "பங்குச் சுழற்சி விகிதத்தைத்தானே கேட்டிருக்கிறார்கள், அதைக் கொடுத்துவிடுவோம்" என்றேன். அவர் கேட்டது, அன்றே திருப்பி விற்கப்படாமல் வாங்கியவர் கணக்குக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த பங்குகளின் அளவை. அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பதிலை அதன்பின் எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் அது சற்றுக் கூடுதலாகவே கசக்கிறது.

நாங்கள் பங்கு வைத்திருந்த அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் 10 கோடி. ஒரு மாதத்தில் கைமாறியவை 1 கோடி. அப்படியே வகுத்தால் பங்குச் சுழற்சி விகிதம் 10 சதவீதம். ஆனால் 7.5 கோடிப் பங்குகள் நிறுவனர்களிடம் அசையாமல் இருந்தன. அவற்றைக் கழித்துவிட்டுப் புழக்கத்தில் உள்ள 2.5 கோடியால் வகுத்து 40 சதவீதம் என்று எழுதினேன். இடையில் புதிய பங்குகள் எதுவும் வெளியாகவில்லை என்பதையும் சரிபார்த்தேன். அட்டவணையில் இருந்த 'டர்ன்ஓவர்' என்ற தலைப்பைச் சிலர் நிறுவனத்தின் விற்றுமுதல் என்றும், சிலர் வர்த்தகமான பணமதிப்பு என்றும் படித்துவிடுவார்கள் என்பதால் அடிக்குறிப்புகூடப் போட்டேன். எச்சரிக்கையற்றவன் என்று என்னை எவரும் சொல்ல முடியாது. இருந்தும், "புழக்கத்திலுள்ள பங்குகள் அனைத்தும் இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை கைமாறுகின்றன" என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்திருந்தேன். கணக்குப்படி அது வெறும் சராசரி. ஒரே பங்கு ஒரே நாளில் பத்து முறை கைமாறினாலும் பத்தாகவே எண்ணப்படும் என்பதும், பெரும்பாலான பங்குகள் ஆண்டுக்கணக்கில் அசையாமலே கிடக்கலாம் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல.

எங்களிடம் இருந்தவை 10 லட்சம் பங்குகள். பத்து நாளில் அவற்றை விற்று வெளியேற முடியுமா என்று நிதி மேலாளர் கேட்டார். ஒரு நாள் வர்த்தகம் சுமார் 5 லட்சம். அதில் 20 சதவீதத்துக்கு மேல் போகாமல் விற்றாலும் பத்து நாள் போதும். "முடியும்" என்றேன்.

விற்கத் தொடங்கிய சில நாட்களில் விலை இறங்கியது; அன்றன்றே வாங்கி விற்றுவந்தவர்கள் ஒதுங்கினார்கள்; வர்த்தகம் கால்வாசியாகச் சுருங்கியது. பிறகுதான் டெலிவரி விவரத்தை எடுத்துப் பார்த்தேன். முந்தைய மாதத்தின் 1 கோடியில் ஐந்தில் ஒன்றுதான் உண்மையில் கணக்கு மாறியிருந்தது. அதை வைத்து வகுத்தால் 40 சதவீதம் 8 ஆகிவிடுகிறது. பின்னத்தின் கீழே உள்ள பகுதியைத் திருத்த ஒரு மணி நேரம் செலவிட்ட நான், மேலே உள்ள தொகுதியை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

என் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். நம்மிடம் வாங்குபவர் அதை மாலைவரை வைத்திருந்தால் என்ன, வருடம் முழுவதும் வைத்திருந்தால் என்ன? விற்கும் நொடியில் எதிரே ஓர் ஆள் நின்றால் போதும். அந்த ஆள் தினசரி வணிகராக இருப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. சுழற்சி விகிதம் சந்தையின் சுறுசுறுப்பைத்தான் காட்டுகிறது, வெளியேறும் வசதிக்கு உத்தரவாதம் தருவதில்லை என்று எல்லாப் பயிற்சிகளிலும் சொல்கிறோம். ஆனால் அன்று நிதி மேலாளர் கேட்டது வெளியேறும் வசதியைப் பற்றி. நான் எடுத்து நீட்டியது சுறுசுறுப்பை.

விற்று முடிக்க இரண்டு மாதங்கள் ஆயின. அதற்குள் விலை மீண்டுவிட்டது. சராசரி விற்பனை விலை, தொடங்கிய நாளின் விலையைவிடச் சற்று மேலாகவே அமைந்தது. எவரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. பொறுமையாக விற்றதாகப் பாராட்டுகூட வந்தது, நானும் அதை மறுக்கவில்லை. நட்டம் வந்திருந்தால் தவற்றை ஒப்புக்கொண்டிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

இப்போது அட்டவணையில் டெலிவரிக்குத் தனி நிரல் இருக்கிறது; அதைச் சேர்த்தவன் நான்தான். அந்தச் சகா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவர் தெரியாமல் கேட்டாரா, தெரிந்தே எனக்குச் சுட்டிக்காட்டினாரா என்பதை இன்றுவரை நான் அவரிடம் கேட்டதில்லை.