இரணைமடுவில் இறங்காத விமானம்: நாவல் வேலைக் குறிப்பு

மாசி 4
இரண்டாம் அத்தியாயம் கிழித்துப் போட்டாச்சு. சோதனை விமானி கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் தலைச்சுற்றைப் பற்றி இரண்டு பக்கம் யோசிக்கிறான். விமானப்படை வைத்தியர் காதுக்குப் போனால் அன்றோடு பறப்பு நின்றுவிடும். ஆகவே இந்த ஆள் தனக்குத்தானே கூட அதைச் சொல்லமாட்டான். தொடையில் கட்டிய சோதனை அட்டையில் உயரத்தைக் குறிக்கும்போது பென்சில் கட்டத்தைத் தாண்டி ஓடட்டும். அது போதும்.

மாசி 9
பறப்புக்கு மாதிரி எக்ஸ்-15 என்ற அமெரிக்க ராக்கெட் விமானம். பி-52 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையில் தொங்கிப்போய் 13.7 கிலோமீற்றர் உயரத்தில் கழன்று விழும். ராக்கெட் எரிவது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். மிச்சம் முழுக்க எஞ்சின் இல்லாத சறுக்கல். வரைவில் நம்மாள் ஓடுபாதையைத் தவறவிட்டு இன்னொரு சுற்றுச் சுற்றி வருகிறான். எரிபொருள் முடிந்த வண்டிக்கு ஏது இன்னொரு சுற்று? வெட்டு.

மாசி 10
வறண்ட கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் இறக்கலாமே என்று ஒரு யோசனை. ஆசை விளங்குகிறது, ஆனால் சரிவராது. எக்ஸ்-15 க்குப் பின்பக்கம் சில்லே இல்லை, இரண்டு உருக்குச் சறுக்குக்கால். முன்னுக்கு மட்டும் சில்லு. வாலின் கீழ்ச்செட்டையின் அடிப்பாதி சறுக்குக்காலையும் விட நீளம், இறங்குமுன் கழற்றி விழுத்தவேண்டும். அதை மறந்தால் செட்டைதான் முதலில் நிலத்தில் குத்தும். மணிக்கு 320 கிலோமீற்றர் அளவில் தொட்டு, பிரேக் இல்லாமல் தேய்ந்து நிற்கும். கலிபோர்னியாவின் ரொஜர்ஸ் வறண்ட ஏரி சிமெந்துபோல இறுகின தரை. எங்கள் குளத்து வண்டல் காய்ந்தால் பாளம் பாளமாய் வெடிக்கும், சறுக்குக்கால் வெடிப்பில் மாட்டிக் குப்புற அடிக்கும்.

மாசி 17
நாவலின் நடு முடிச்சு இன்றுதான் பிடிபட்டது. 1967 நவம்பர் 15, எக்ஸ்-15 விமானி மைக்கேல் அடம்ஸ். ஏறும்போதே மின்கோளாறு ஒன்று கவனத்தைக் கலைத்தது. உச்சம் 81 கிலோமீற்றர். சாய்வைக் காட்டிக்கொண்டிருந்த முள்ளைப் பக்க விலகலைக் காட்டுவதாக எடுத்துத் திருத்தத் திருத்த, மூக்கு இன்னும் விலகிப்போனது. ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் சுழலத் தொடங்கியது. சுழற்சியிலிருந்து மீண்ட பிறகும், கட்டுப்பாட்டுத் தொகுதி விடாமல் ஆட்டிய ஆட்டத்தில் விமானம் உடைந்து அவர் இறந்தார். விமானிகளின் உட்காதைச் சோதிக்கவேண்டும் என்று விசாரணைக்குழு பரிந்துரைத்தது.

நமக்கு வேண்டியது அந்த ஒரு முள். வானொலிச் சுவிட்சை வலப்பக்கம், இருக்கைக்குப் பின்னே, தாழ வைப்போம். விமானம் உருளும்போது அவன் அதற்குக் குனிவான். ஒரு அச்சில் சுழலும் தலையை இன்னொரு அச்சில் சாய்த்தால், உட்காதின் அரைவட்டக் குழாய்கள் நடக்காத புரளலைச் சொல்லும். நிமிர்ந்து பார்க்கும்போது முள் ஒன்று, காது ஒன்று. முள்ளை நம்புவதா? மூன்று பந்தி, அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

மாசி 23
சத்தத்தில் பிழைவிட்டால் வன்னி வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். யுத்தகாலத்தில் விமானப்படையின் கிபிர் ஜெட் வரும் சத்தத்துக்குப் பங்கருக்குள் பாய்ந்த சனம். சத்தம் கேட்ட திசையில் விமானம் இருக்காது, அண்ணாந்து முன்னுக்குத் தேடவேண்டும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. மூன்று கிலோமீற்றர் உயரத்துச் சத்தம் கீழே வர ஒன்பது விநாடி.

வரைவிலோ விமானம் ஒலியை முந்தும் கணத்தில் ஒரேயொரு வெடிச்சத்தம். உண்மையில் வேகம் குறையுமட்டும் வெடி விமானத்தோடு இழுபட்டுப் போகும். மன்னாரிலிருந்து முல்லைத்தீவுக்கு 100 கிலோமீற்றர், ஒலியின் இருமடங்கு வேகத்தில் மூன்று நிமிடமும் இல்லை. மன்னாரில் ஒருக்கா, மாங்குளத்தில் ஒருக்கா, முல்லைத்தீவில் ஒருக்கா. வழியில் உள்ள ஒவ்வொரு ஊரும் தனக்கு மட்டும் விழுந்த வெடி என்று நினைக்கும். 15 கிலோமீற்றர் உயரத்தில் போனால், தலைக்கு நேரே கடந்து 40 விநாடியளவில்தான் கேட்கும்.

ஐந்தாம் அத்தியாயத்தில் வெடியை அந்த 40 விநாடி தள்ளவேண்டும். அதற்குள் களத்தில் நெல் தூற்றுகிறவள் சுளகை எத்தனை தரம் வீசுவாள் என்று எண்ணிப் பார்த்து எழுதவேணும்.