ஸ்டாக்ஹோமில் ஓர் அறை வீடு: மேஜையை எந்தப் பக்கம் போடுவது?

ஸ்டாக்ஹோமுக்கு வேலைக்கு வருகிற நம்மவர்கள் வீடு பார்க்கும்போது முதலில் வாடகையைக் கேட்பார்கள். அடுத்தது மெட்ரோ எவ்வளவு தூரம், அப்புறம் கறிவேப்பிலை எங்கே கிடைக்கும். ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யப்போகிறவர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது அதைத்தான்.

எங்கள் வீடு ஹுஸ்பியில். 1965 முதல் 1974 வரை பத்து லட்சம் வீடுகள் கட்டுவதென்று ஸ்வீடன் ஒரு பெரிய திட்டம் போட்டதே, அந்தக் காலத்தில் எழுந்த கான்கிரீட் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. நீல வழி மெட்ரோவில் ஒரு நிறுத்தம் தள்ளி கிஸ்டா. எரிக்சனின் தலைமையகமும் இன்னும் பல மென்பொருள் அலுவலகங்களும் அங்கே இருப்பதால் ரயிலில் தமிழ்க்குரல் காதில் விழுவது சாதாரணம். வீட்டில் ஒரே ஓர் அறை, தனியாகச் சமையலறை, குளியலறை. மொத்தம் முப்பது சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். தூங்குவது, சாப்பிடுவது, வந்தவர்களை உட்கார வைத்துப் பேசுவது எல்லாம் அந்த ஓர் அறையில்தான். நானும் என் கணவரும் மாறி மாறி வீட்டிலிருந்து வேலை செய்கிறோம். அதற்கும் இடம் அங்கேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே நேரடி வாடகை வீட்டுக்கு வரிசையில் பல ஆண்டுகள் நிற்க வேண்டும். அதனால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் கான்ட்ராக்டில் குடியேறுகிறோம். வேறொருவர் பெயரில் இருக்கிற வீட்டில், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். எங்கள் ஒப்பந்தப்படி சுவரில் துளை போடக் கூடாது, பெயின்ட் மாற்றக் கூடாது. இருக்கிற வெள்ளைச் சுவரோடுதான் குடும்பம் நடத்த வேண்டும். அந்த வெள்ளைச் சுவர் குளிர்காலத்தில் எவ்வளவு பெரிய உதவி என்பது டிசம்பரில் புரிந்தது.

ஸ்டாக்ஹோம் இருப்பது வட அட்சம் 59 பாகையில். டிசம்பர் 21 வாக்கில் காலை எட்டே முக்காலுக்கு உதிக்கிற சூரியன், மதியம் மூன்று மணிக்குள் அடைந்துவிடும். உச்சிப்பொழுதில்கூட அடிவானத்துக்கு மேல் 7 பாகைதான் ஏறும். அதே மார்கழி நாளில் சென்னையில் உச்சிச் சூரியன் 53 பாகைக்கு மேல் நிற்கும். இங்கே ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகலில் சூரியன் எட்டுகிற உயரம் 54 பாகை. அதாவது நம் ஊர் மார்கழி மத்தியானச் சூரியன் எந்த உயரத்தில் இருக்குமோ, அதுதான் இவர்களுடைய நடுக்கோடையின் உச்சம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து, வெயில் வந்தால் ஏன் இந்த ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சுவரோரமாக நிற்கிறார்கள் என்று எனக்குக் கேள்வியே எழுந்ததில்லை.

குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் அடைகிறது. வடக்கு ஜன்னலுக்கு அந்த மாதங்களில் வெயில் கிடையாது. நேர் கிழக்கு, நேர் மேற்கு ஜன்னல்களுக்கும் ஓரமாகக் கொஞ்சம்தான் விழும். எங்கள் ஜன்னல் தென்மேற்கு. இவ்வளவு தாழ்வாக வருகிற வெயில் அறைக்குள் நீளமாகப் பாய்ந்து, ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வரை போய் விழும். அந்தச் சுவர் வெள்ளையாக இருந்தால் அறை முழுக்க வெளிச்சம் திரும்பி வரும். ஆனால் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், முதுகைக் காட்டி உட்கார்ந்தால் திரையில் அடிக்கும். எனவே மேஜையை ஜன்னலுக்குச் செங்குத்தாகப் போட்டோம். இடது கைப்பக்கம் ஜன்னல். வலது கையால் எழுதுகிறவர்களுக்கு நிழல் தாளின் மேல் விழாது. இந்த ஊர் ஜன்னல்களில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவிலேயே பட்டைத் திரை வைத்திருப்பார்கள். அதைச் சற்றுத் திருப்பினால் வெயில் கூரைக்குப் போய்விடும், வெளிச்சம் நமக்கு நிற்கும்.

இயற்கையான பாணியில் வீட்டு அலுவலகம் என்று படங்களில் பார்க்கிற பொருள்களை எல்லாம் வாங்கி அடுக்குவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. பிளாஸ்டிக் தொட்டியில் பிளாஸ்டிக் இலை வைத்துவிட்டு இயற்கை என்று சொல்ல மனம் வரவில்லை. மரம், பருத்தி, கம்பளி, கோரை. கை படுகிற இடத்தில் இவை இருந்தால் போதும் என்று முடிவு செய்தோம்.

மரத்துக்கு ஐக்கியாவின் ஈவார். பூச்சு எதுவும் இல்லாத பைன் மர அலமாரி. பல பத்தாண்டுகளாக விற்பனையில் இருப்பதால் பழைய பொருள்களை விற்கிற பிளாக்கெட் இணையதளத்திலும் செகண்ட் ஹேண்ட் கடைகளிலும் பாதி விலைக்குக் கிடைக்கும். பழைய பலகை தேன் நிறத்துக்கு மாறியிருக்கும், அது இன்னும் அழகு. பக்கச் சட்டங்கள் 124, 179, 226 சென்டிமீட்டர் என்று மூன்று உயரங்களில் வருகின்றன. எங்களுடையது 124. கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவில் குறுக்காக நிறுத்தியிருக்கிறோம். பின்பக்கம் திறந்திருப்பதால் வெளிச்சம் மறுபக்கம் போகும், தாழ்வாக இருப்பதால் கட்டிலில் படுத்தபடியே வானம் தெரியும். கனமான புத்தகங்களை எல்லாம் அடித்தட்டில் வைத்தோம். குழந்தைகள் உள்ள வீடாக இருந்தால் இப்படித் தனியாக நிறுத்தக் கூடாது. வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டாவது சுவரோடு பிணைத்துவிட வேண்டும்.

பூச்சில்லாத பைன் பலகையில் காபி டம்ளர் வைத்தால் வட்டம் விழுந்துவிடும். அதற்கு ஆளிவிதை எண்ணெய் தடவலாம். மெல்லியதாகத் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை அழுத்தித் துடைத்து எடுக்க வேண்டும். காய்ந்து வாசனை போக நாளாகும், ஆகவே கோடையில் பால்கனியில் செய்வது நல்லது. ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்லியாக வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும். மர வீடுகள் நிறைந்த இந்த நாட்டில் எண்ணெய் டப்பாவின் மேலேயே இந்த எச்சரிக்கை இருக்கும், ஆனால் ஸ்வீடிஷ் மொழியில் இருக்கும். புதிதாக வந்தவர்கள் அதைப் படிக்காமல் விட்டுவிட நிறைய வாய்ப்பு உண்டு.

நான் திருநெல்வேலிக்காரி. ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தது ஒரு பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரையில் விளைகிற கோரையில் நெய்தது. அதைத் தரையில் விரிக்க மனமில்லை. ஈவாரின் மேல்தட்டில் ஒரு மூங்கில் கழியை வைத்துக் கட்டி, கட்டில் பக்கமாகச் சுருட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். சாயங்காலம் மடிக்கணினியை மூடியதும் பாயை இறக்கிவிட்டால் கட்டிலிலிருந்து பார்க்கும்போது அலுவலகம் கண்ணில் படாது. ஓர் அறைக்குள் வாழ்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. படுத்த பிறகும் கண் எதிரில் மேஜையும் திரையும் தெரிந்துகொண்டே இருந்தால் மறுநாள் மீட்டிங் மனதில் ஓட ஆரம்பித்துவிடும்.

காலுக்கு அடியில் டிராஸ்மாட்டா. பழைய துணிகளைப் பட்டை பட்டையாகக் கிழித்துத் தறியில் நெய்கிற விரிப்பு, ஸ்வீடன் கிராமத்து வீடுகளின் சொத்து. பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து நெய்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் வரும், அதனால் பார்த்தவுடன் ஒட்டிக்கொண்டது. கோடையில் இதைத் துவைக்க நீரோரத்தில் மிதவை மேடைகளே போட்டிருக்கிறார்கள். பைன் மரத்திலிருந்து எடுக்கிற ஒரு சோப்பை ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, கைப்பிடிச் சட்டத்தில் காயப் போடுவார்கள். குறுக்குத்துறைப் படித்துறையில் துணி துவைத்து வளர்ந்த எனக்கு அந்த மேடையில் முழங்கால் மடித்து உட்கார்ந்ததும் கை தானாக வேலை செய்தது.

நாற்காலியில் மட்டும் அழகுக்கு இடம் கொடுக்கக் கூடாது. மர நாற்காலி படத்துக்கு நன்றாக இருக்கும், எட்டு மணி நேரம் முதுகு தாங்காது. உயரம் மாற்றக்கூடிய பழைய அலுவலக நாற்காலி ஒன்றை வாங்கி, மேலே ஓர் ஆட்டுத்தோல் போட்டோம். கம்பளி முடியோடு இருக்கிற தோல். பனிக்காலத்தில் அதன் அருமை தெரியும்.

வெயில் போன பிறகு என்ன செய்வது? இங்கே கூரையில் ஒரே பெரிய விளக்கைப் போட்டு அறையை வெளுக்க வைக்கிற வழக்கம் குறைவு. ஜன்னல் திண்டில் ஒன்று, மேஜையில் ஒன்று, மூலையில் ஒன்று என்று சின்னச் சின்ன விளக்குகள், 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம். வீடியோவில் பார்த்துவிட்டு அம்மா கேட்பாள்: “ஏட்டி, வீட்டுல ஒரு டியூப்லைட் கூடவா இல்ல? மசமசன்னு கெடக்கு.” அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காகிதத்தில் படிக்கவும் எழுதவும் அந்த மஞ்சள் போதாது. அலுவலக மேஜைக்கு 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்பது ஐரோப்பியத் தரம். ஆகவே மேஜை விளக்கில் மட்டும் பிரகாசமான, வெள்ளையாக எரிகிற 4000 கெல்வின் பல்ப். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுவோம். நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பர் தொடக்கத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம் தொடங்கும் ஞாயிறன்று, எதிர்க்கட்டட ஜன்னல்களில் ஏழு விளக்குகள் கொண்ட தண்டுகள் வரிசையாக ஏறும். நம் கார்த்திகையும் அந்த நாட்களை ஒட்டித்தான் வரும் என்பதால், எங்கள் திண்டில் அகலும் இந்த ஊர்த் தண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

ஜன்னலுக்குக் கீழே ரேடியேட்டர். அதை மேஜையால் அடைக்கக் கூடாது, ஒரு கை அகலமாவது விட வேண்டும். அடைத்தால் சூடு அறைக்குள் வராது, வால்வில் உள்ள தெர்மோஸ்டாட்டும் தப்பாகக் கணக்குப் போடும். இதைவிடப் பெரிய விஷயம் வறட்சி. வெளியே மைனஸ் பத்தில் இருக்கிற காற்றில் நீராவி மிகக் குறைவு. அதே காற்றை உள்ளே 21 டிகிரிக்குச் சூடாக்கும்போது ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். உதடு வெடிக்கும், இலை நுனி கருகும், கோரைப்பாய் முறுகும். பாயை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிறோம். ஹுஸ்பியை ஒட்டி யார்வாவெளி, ஹன்ஸ்டா காடு. அங்கே கீழே விழுந்து கிடந்த பைன் காய்களை எடுத்து வந்து மேஜையில் வைத்திருக்கிறேன். காற்று வறண்டால் அவற்றின் செதில் விரியும், ஈரமானால் மூடும். குளிர்காலம் முழுக்க அவை விரிந்தே இருக்கும். மூடத் தொடங்கினால் சமையல் ஆவி அதிகம், ஜன்னலைத் திற என்று அர்த்தம்.

காட்டில் யாரும் நடக்கலாம், பழம் காளான் பறிக்கலாம் என்கிற பொது உரிமை இந்த நாட்டில் உண்டு. ஆனால் உயிரோடு நிற்கிற மரத்தில் கிளையோ பட்டையோ எடுக்கக் கூடாது. பிர்ச் பட்டை அழகாக இருக்கிறதே என்று உரித்துவிடாதீர்கள். ஹன்ஸ்டா போன்ற காப்புக்காடுகளில் விதிகள் இன்னும் இறுக்கமாக இருக்கலாம், வாசல் பலகையைப் படித்துவிட்டு எடுங்கள்.

செடிகளில் மணி பிளான்ட்டும் மருளும் எதையும் தாங்கும். கறிவேப்பிலை தாங்காது. இருட்டு மாதங்களில் இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியை ஒட்டாமல், ரேடியேட்டரின் அனலும் நேராகப் படாமல் வைத்து, தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, ஒரு செடி விளக்கின் கீழ் விட்டால் மார்ச், ஏப்ரலில் துளிர்க்கும். எங்களுடையது இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டி நிற்கிறது, மேஜையில் அதற்குத்தான் நல்ல இடம்.

கோடை வந்தால் எல்லாம் தலைகீழ். ஜூனில் மூன்றரை மணிக்கே விடியும், இரவு பத்து மணிக்குத்தான் அடையும். தென்மேற்கு ஜன்னலில் மதியத்திலிருந்து சாயங்காலம் வரை வெயில் நின்று காயும். அப்போது ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய நாலு முழ வேட்டியைக் கட்டிவிடுகிறோம். வெயிலைத் தடுக்காமல் வடிகட்டிக் கொடுப்பதில் எந்த லினன் திரையும் அதற்கு ஈடில்லை.

ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. சொலென்தூனாவில் ஒரு வீடு பேசியிருக்கிறோம், இதே அளவு, ஜன்னல் தென்கிழக்கு. காலை வெளிச்சம் கிடைக்கும், மதியத்துக்கு மேல் குறைந்துவிடும். மேஜை அங்கே எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும், வீட்டைப் பார்த்த அன்றே திண்டின் நீளத்தையும் ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள இடத்தையும் அளந்துகொண்டு வந்துவிட்டேன். ஈவாரை ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடலாம். கறிவேப்பிலையைக் குளிர் தொடங்குவதற்கு முன் கொண்டுபோக வேண்டும் என்பதால் அது மட்டும் ஆகஸ்டிலேயே தோழி ஒருத்தியின் காரில் போகிறது.