கருமத்தம்பட்டியில் இறங்குங்கள்

கோயமுத்தூரிலிருந்து அவிநாசி ரோட்டில் சுமார் 25 கிலோமீட்டர் போனால் கருமத்தம்பட்டி. திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்து போகும் ஊர். பக்கத்தில் சோமனூர் இருப்பதால் தறிக்காரர்களின் ஊர் என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். கோவை கத்தோலிக்க சபைக்கு ஒரு காலத்தில் இந்த ஊர்தான் தலைமையிடம். ஆயர், அதாவது பிஷப், தங்கியிருந்ததும் இங்கேதான்.

மாதா கோயில் வளாகத்துக்குள் நான் போனது ஒரு வேலைநாள் காலையில். பூசை முடிந்திருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "எங்கிருந்துங்க கண்ணு வர்றீங்க?" என்று பேச்சுக் கொடுத்தார். கோயமுத்தூர் என்றேன். "இங்கிருந்துதானுங்க கோயமுத்தூருக்கே சாமியாருங்க போனாங்க" என்றார். கோவைக்காரனிடம் இதைச் சொல்வதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அது நியாயமான பெருமைதான்.

இங்கே முதல் கோயில் எழுந்தது 1640-ல் என்கிறது தல வரலாறு. இயேசு சபையைச் சேர்ந்த இத்தாலியச் சாமியார் ராபர்ட் தெ நோபிலி 1606-ல் மதுரைக்கு வந்து, 1623-ல் சேலம் பக்கம் கிளம்பினார். அவருக்குப் பின்னால் வந்த இயேசு சபைச் சாமியார்கள் கொங்கு நாட்டுக்குள் நடந்தே வந்தார்கள். சத்தியமங்கலமும் அவர்களுடைய இடங்களில் ஒன்று. தெற்கே மதுரை நாயக்கர், வடக்கே மைசூர். இரண்டு பேருக்கும் நடுவில் சிக்கிய எல்லை நாடு இது. ஒவ்வொரு படையெடுப்பிலும் ஊரே கலைந்து ஓட வேண்டியிருந்த காலத்தில் ஒரு கோயிலைக் கட்டிக் காப்பது லேசான காரியமில்லை.

அந்த முதல் கோயில் இன்று இல்லை. திப்பு காலத்தில் இடிபட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். அதற்கு முன்பே, 1773-ல், போப்பாண்டவர் இயேசு சபையைக் கலைத்துவிட்டதால் ஆதரவும் போய்விட்டது. பாரிஸ் வேதபோதக சபையின் பிரெஞ்சுச் சாமியார்கள் வந்துதான் மிச்சமிருந்த சனத்தைத் தேடிச் சேர்த்தார்கள். 1799-ல் திப்பு விழுந்து, கொங்கு கம்பெனிக்காரர்கள் கைக்குப் போன பிறகே நிலைமை ஓரளவு சீரானது.

இந்த ஊரின் கதையில் என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக். 1813-ல் பிரான்சில் பிறந்தவர், 1842-ல் புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். 1846 அக்டோபர் 4-ம் தேதி கருமத்தம்பட்டியில் அவருக்கு ஆயர் பட்டம் கட்டினார்கள். பழைய காலண்டரைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, அக்டோபரின் முதல் ஞாயிறு. அந்தக் காலத்தில் ஜெபமாலை மாதா திருநாள் வந்தது அந்த ஞாயிற்றில்தான். இந்தக் கோயிலின் மாதாவும் ஜெபமாலை மாதாதான். திருநாள் கூட்டத்துக்கு நடுவில், முப்பத்திரண்டு வயதுப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆயர் முடி சூடி நின்றதை நினைத்துப் பாருங்கள்.

நம்மூர்ப் பிள்ளைகளே சாமியார்களாக வேண்டும், அவர்களே பிறகு ஆயர்களாகவும் வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் இதைச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். கோவை 1850-ல் ஆயரின் கீழ் இயங்கும் தனி மறைவட்டாரம் ஆனபோது அதன் முதல் தலைவரும் அவரே. ஆனால் கோயிலுக்குள் சாதி வழக்கங்களை எதுவரை அனுமதிப்பது என்ற சச்சரவில் அவருடைய மனசாட்சி ஒப்பவில்லை. 1855-ல் பதவியை விட்டார். பிரான்சுக்குத் திரும்பியும் சும்மா இருக்கவில்லை. 1856-ல் லியோன் நகரில் ஆப்பிரிக்காவுக்கான வேதபோதக சபையைத் தொடங்கினார். 1859-ல் சியெரா லியோனில் போய் இறங்கிய ஆறே வாரத்தில் மஞ்சள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. 2020-ல் ரோமாபுரி அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது; புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் அது ஒரு படி. நம் பக்கத்து ஊரில் பட்டம் கட்டிக்கொண்ட மனிதரைப் பற்றி நம் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லித் தரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தலைமையிடம் கோயமுத்தூருக்குப் போனது. கலெக்டர் கச்சேரி அங்கே இருந்தது. ஊரும் பெருத்துக்கொண்டே போனது. இருந்தாலும் கருமத்தம்பட்டிக்கு வரும் சனம் குறையவில்லை. 2019-ல் இந்தக் கோயிலுக்குப் பசிலிக்கா என்ற பட்டமும் கிடைத்தது; முக்கியமான கோயில்களுக்கு ரோமாபுரி தரும் சிறப்புப் பட்டம் அது. அக்டோபரில் கொடியேற்றம், தேர்பவனி என்று ஊர் நிறைந்துவிடும்.

திருவிழா பார்க்க வேண்டுமென்றால் அப்போது வாருங்கள். நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் சாதாரண வேலைநாள்தான் சரி. கருமத்தம்பட்டியில் நிற்குமா என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். அப்புறம் அப்படியே கோவைக்குப் போய், பெரிய கடை வீதியில் இருக்கும் புனித மிக்கேல் பேராலயத்தையும் பார்த்துவிடுங்கள். ஆனால் முதலில் கருமத்தம்பட்டி, பிறகுதான் பெரிய கடை வீதி.