மாலை போட்ட மூன்றாம் நாள்

இருபது வருஷமாகத் தினமும் ஒரு குவார்ட்டர் உள்ளே போகாமல் தூங்காதவர் அப்பா. கார்த்திகை முதல் நாள் குடமுருட்டியில் குளித்துவிட்டு மாலை போட்டுக்கொண்டார். "இனிமே தொடமாட்டேன்" என்றதும் அம்மா அழுதேவிட்டாள்.

மறுநாள் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, சோறு இறங்கவில்லை. "விட்ட புதுசுல அப்படித்தான்" என்றார் குருசாமி. பக்கத்துக் கிளினிக்கில் 'சோர்வு' என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். குடியைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. மாலை போட்ட ஆளாயிற்றே, கூச்சம்.

மூன்றாம் நாள் இருட்டியதும் ஆள் ஆளாக இல்லை. கட்டிலில் உட்கார்ந்து போர்வை நூலைப் பிய்த்துப் பிய்த்து நாற்று முடி கட்டினார். கட்டியதைத் தூர வீசினார். "வரப்புல எலி ஓடுது, கிட்டிய எடுடா" என்று சுவரைக் காட்டினார். என்னைச் சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நடுவில் ஐந்து நிமிஷம் தெளிந்து, "மோட்டார நிறுத்திட்டியா?" என்று கேட்டார் பாருங்கள், அதில்தான் ஏமாந்தோம்.

புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுபோய்த் தங்கவைக்கிற குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் வைக்கலாம் என்றாள் அத்தை. பக்கத்து வீட்டு அண்ணன், "ஒரு கட்டிங் ஊத்து, சரியாயிடும்" என்றார். நெற்றியைத் தொட்டேன், அனல். 108-க்கு அடித்தேன்.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டரம்மா முதலில் கேட்டதே, "கடைசியா எப்பக் குடிச்சார்?" கணக்குப் போட்டால் 72 மணி நேரம்.

"பைத்தியமில்ல, டெலிரியம். திடீர்னு வர்ற மூளைக் குழப்பம். தினம் குடிக்கிறவங்க சட்டுன்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல வரலாம். விட்டா உயிருக்கே ஆபத்து." சாராயம் அமுக்கிக்கொண்டே இருந்த மூளை, அமுக்கும் கை எடுபட்டதும் தறிகெட்டு ஓடுமாம். மூளையை அமைதிப்படுத்தும் லோராசிபாம் ஊசியை நரம்பில் போட்டார்கள். குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் என்கிற பி1 வைட்டமின். தினம் குடித்தவர்களுக்கு அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம் என்றார். கிளினிக் பாட்டில் ஞாபகம் வந்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. ரத்தத்தில் சர்க்கரை, சோடியம், பொட்டாசியம் பார்த்தார்கள். எங்காவது விழுந்து அடிபட்டிருந்தாலும் இப்படிப் பிதற்றலாம் என்று தலைக்கு ஸ்கேன். ராத்திரி விளக்கை அணைக்கக் கூடாது, தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலேயே இருக்க வேண்டும். "அப்பா, இது தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, இன்னைக்கு வியாழக்கிழமை" என்று எத்தனை தரம் சொன்னேனோ.

மறுபடி நிறுத்துவதென்றால் டாக்டர் மேற்பார்வையில், மாத்திரையோடுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். விழித்ததும் காலடியில் கிடந்த போர்வையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாருடா இதை இப்படிப் பிச்சுவச்சது?"