வால் போச்சு, கத்தி வந்தது

கோவில்பட்டி வட்டாரக் கரிசல் கிராமம் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை நான். 2022இல் தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்காகத் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின், அரும்பு, மொட்டு, மலர் என மூன்று கற்றல் நிலைகளில் உள்ள பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்கும்போது அவர்களை ஒருசேர உட்கார வைப்பதற்கு நாட்டார் கதையைப்போல உதவியது வேறொன்றும் இல்லை. ஆனால் கதை முடிந்ததும் ‘இதனால் அறியும் நீதி’ என்று ஆசிரியர் சொல்லும் அந்த ஒற்றை வரியை நான் விட்டுவிடுகிறேன். அந்த வரியைக் கேட்ட கணமே, பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிட்டு அதை ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்த வழக்கத்துக்கு நம் பாடநூல்களில் நீண்ட வரலாறு உண்டு. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையில் பெயர்த்த பஞ்சதந்திரம் 1826இல் வெளிவந்தது. அரசகுமாரர்களுக்கு விஷ்ணுசர்மா உலக நடப்பைக் கற்பிப்பதாக அமைந்த அந்நூலில் ஒவ்வொரு கதையும் ஒரு கருத்தை நிறுவவே வருகிறது. பாட்டிமார் சொல்லும் கதைகளுக்கு அத்தகைய பொறுப்பு இல்லை. பலவற்றில் நல்லவன் வெல்வதுகூடக் கிடையாது.

வால் அறுந்த குரங்கின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். வாலில் முள் தைத்த குரங்கு ஒன்று, அதை எடுத்துவிடும்படி முடி வெட்டுபவரிடம் கேட்கிறது. கத்தி தவறி வால் அறுந்துவிடுகிறது. ‘வாலைக் கொடு, இல்லாவிட்டால் கத்தியைக் கொடு’ என்று அடம்பிடித்துக் கத்தியை வாங்கிக்கொள்கிறது. அதைக் கையால் விறகு ஒடிக்கும் பாட்டிக்குக் கொடுத்து, கத்தி முறிந்ததும் விறகைப் பிடுங்குகிறது. விறகைத் தோசை சுடும் அம்மாவுக்குக் கொடுத்து, அது எரிந்ததும் தோசையைப் பிடுங்குகிறது. பசித்திருந்த மேளக்காரர் தோசையைத் தின்றதும் அவருடைய மேளத்தையே வாங்கிக்கொண்டு, மரத்தின்மேல் ஏறி ‘டும் டும் டும்’ என்று கொட்டுகிறது. குரங்குக்குத் தண்டனை ஏதும் இல்லை. நீதி தேடுபவருக்கு இது பெரிய சங்கடம்.

வகுப்பில் இக்கதையைச் சொல்லி முடித்தபின், ‘யார் பக்கம் நியாயம்?’ என்று மட்டும் கேட்பேன். முதலில் எல்லாரும் குரங்கின் பக்கம்தான் இருப்பார்கள். மேளத்தின் ஓசை அப்படி. ஒரு முறை இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, “டீச்சர், பாட்டி கத்தியக் கேக்கவே இல்லியே, கொரங்காத்தானே குடுத்துச்சு?” என்றாள். உடனே பின்வரிசைப் பையன், “வெறகு எரியத்தான செய்யும்? எரிஞ்ச பெறவு திருப்பிக் கேட்டா எப்படிக் குடுக்க?” என்று சேர்ந்துகொண்டான். வேண்டுமென்றே செய்த தீங்கும் கை தவறி நேர்ந்த தீங்கும் ஒன்றா, இரவல் கொடுத்த பொருள் தேய்ந்துபோனால் யார் பொறுப்பு என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. நீதியை நானே எழுதிக் கொடுத்திருந்தால் ‘பேராசை கூடாது’ என்ற மூன்றாந்தர வாக்கியம் ஒன்றுதான் கிடைத்திருக்கும். இக்கதையில் பேராசையைவிடப் பெரிய விஷயம் இருப்பதை அவர்கள்தாம் கண்டார்கள். அதன்பின் பென்சில் இரவல் சண்டை வரும்போதெல்லாம், முனை உடைந்ததற்குப் புதுப் பென்சில் கேட்பவனை நோக்கி, “பென்சில் போச்சு, டும் டும் டும்” என்று மற்றவர்கள் கொட்டு அடிப்பார்கள். என்னிடம் வரும் புகார்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

பழைய கதை என்பதாலேயே எல்லாவற்றையும் அப்படியே சொல்லிவிட முடியாது. கரிசல் மண்ணின் கதைகளை கி. ராஜநாராயணன் திரட்டித் தந்ததைப் படித்தவர்களுக்கு, அவற்றில் பல பெரியவர்களுக்கானவை என்பது தெரியும். சாதித் தொழிலைச் சொல்லிச் சிரிப்பவை, கண் தெரியாதவரையும் கால் ஊனமுற்றவரையும் கேலி செய்பவை, சிற்றன்னை என்றாலே கொடுமைக்காரி என்பவை ஆகியவற்றை நான் தொடுவதில்லை. குரங்குக் கதையிலும் முடி வெட்டுபவரைச் சாதிப் பெயரால் சொல்லாமல் ‘சலூன் அண்ணன்’ என்றே சொல்கிறேன். கதைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

ஒன்றாம் வகுப்புக்கு, தன் பெயரை மறந்த ஈயின் கதை போதும். கன்று, அதன் தாய், மாடு மேய்ப்பவர், அவர் கைக்கோல் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும் அந்த ஈ, ஒவ்வொரு முறையும் முன்பு கேட்டவர்கள் அத்தனை பேரையும் அடுக்கிச் சொல்ல வேண்டும். கடைசியில் குதிரை கனைக்கும் ‘ஈ’யில் அதற்குப் பெயர் கிடைக்கும். வாய் திறக்கவே கூச்சப்படும் பிள்ளைக்கு நான் குதிரை வேடத்தைத்தான் கொடுப்பேன். வரிசை முழுவதும் ஒப்பிக்க வேண்டியதில்லை; ஆனால் அவன் கனைக்காமல் கதை முடியாது என்பதால் வகுப்பே அவனுக்காகக் காத்திருக்கும்.

எங்கள் ஊரில் அப்பா, அம்மா இருவருமே தீப்பெட்டி ஆலைக்குப் போய்விடும் வீடுகள் அதிகம் என்பதால், பிள்ளைகள் பாட்டியோடுதான் இருக்கிறார்கள். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் கதையைப் பாதியில் நிறுத்தி, ‘மிச்சத்தை உங்க பாட்டியிடம் கேட்டு வாங்க’ என்று அனுப்பிவிடுகிறேன். திங்கட்கிழமை ஒரே குரங்கு நாலைந்து முடிவுகளோடு வருகிறது. ஒரு வீட்டில் தோசைக்குப் பதில் பணியாரம், இன்னொரு வீட்டில் மேளக்காரர் மேளத்தைக் கொடுக்க மறுத்துக் குரங்கை விரட்டியே விடுகிறார். எது சரியான கதை என்று பிள்ளைகள் என்னிடம் கேட்டால், அந்தப் பாட்டிகளையே ஒரு நாள் பள்ளிக்கு வரச் சொல்லி அழைத்துவிடுகிறேன்.